சலீமை வென்ற ஃபிளாப்ஜாக்

14-8-88, ஞாயிறு இரவு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மூக்கண்டப்பள்ளி குவார்ட்டர்ஸில் சலீமின் சமையல் ஆட்சி இன்று மாலையோடு கவிழ்ந்தது. கவிழ்த்தவன் நான்.

சலீம் பக்கத்து வீடு. அவன் அத்தாவின் கம்பெனிக்கு வந்திருக்கும் இங்கிலாந்து எஞ்ஜினியரின் மனைவி அவனுக்கு ஒரு பலகாரம் சொல்லிக்கொடுத்தாராம். ஓட்ஸில் வெண்ணெயும் வெல்லப்பாகும் கலந்து, மணல் போட்ட குண்டானுக்குள் தட்டை வைத்துச் சுட்டுத் துண்டு போடுகிறான். ஃபிளாப்ஜாக் என்று பெயர். பெயரிலேயே ஃபிளாப் இருந்தும் எங்கள் லைனில் வெள்ளிவிழா கொண்டாடுகிறது.

காலையில் அவன் கொடுத்ததைத் தின்றுவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள்.

"அவனுக்கும் உன் வயசுதான்டா. உனக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியுமா?"

வயிறு எரிந்தது. அம்மா சந்தைக்குப் போன நேரத்தில், அவனிடமே ஓட்ஸ் வாங்கி நானும் செய்தேன். கடலை மிட்டாய்க்குப் பார்ப்பதுபோல், பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டுப் பார்த்து, அது கல்லாக இறுகும்வரை காய்ச்சினேன்.

சாயங்காலம் இரண்டு துண்டை நீட்டினேன். அம்மா நிதானமாக மென்றாள்.

"பரவால்லையே. சலீம் பண்ணதவிட இதுதான்டா நல்லாருக்கு. அவனுதுல தித்திப்பு தூக்கல்."

சலீம் ஒழிந்தான் என்று படுத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

நான் செய்ததில் கத்தியே இறங்கவில்லை. தட்டோடு பரணில் கிடக்கிறது. அம்மா தின்றது சலீமிடம் கேட்டு வாங்கியது. எதற்கென்றுகூடக் கேட்காமல் கொடுத்தான். காலையில் அவன் கொடுத்த துண்டும் சாயங்காலம் நான் நீட்டிய துண்டும் ஒரே தட்டில் வெந்தவை. நான் செய்தேன் என்றதும் அவளுக்கு ருசி கூடிவிட்டது.

நாளைக்கு அப்பாவுக்கும் செய்து தரச் சொல்லியிருக்கிறாள்.