பாமன்கடை விலாசம்

மே 6, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. நனைந்த செருப்போடு லாப்புக்குள் கால் வைத்ததும் சுகாதார அலுவலகத்து போன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., பாமன்கடைக்குப் போனாராம். நாங்கள் அனுப்பிய விலாசத்தில் துஷி என்று பிள்ளையே இல்லையாம்.

மூன்று வயது. இரத்தத்தில் ஈயம் மிக அதிகம். அப்படி வந்தால் உடனே அவர்களுக்கு அறிவிப்பது லாப் வழக்கம். அறிவித்தோம். விலாசம்தான் பொய்.

பொய் சொல்லிக் கொடுத்தது நான். தாய் சாந்தி படிவத்தோடு முழித்துக்கொண்டு நின்றாள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, தமிழர் கட்டாயம் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவைச் செய்யாமல் இருக்கிறார்கள் என்று விளங்கியது. "ஆரும் சொந்தக்காரற்றை விலாசத்தைப் போடுங்கோ அக்கா, ரிப்போட் இங்கை வந்துதானே எடுப்பியள்" என்றேன். பெரிய உபகாரி நான்!

மே 7, செவ்வாய்
- துஷி ரிப்போட் என் மேசை லாச்சியில். வேறு யாரும் கொடுக்கக் கூடாது.
- போன் நம்பர்? படிவத்தில் இல்லை.
- குடை வாங்க.

லாப் பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். நல்ல ஏச்சு.

மே 10, வெள்ளி
சாந்தி வந்துவிட்டாள்! இருப்பது மட்டக்குளியில், ஒற்றை அறை. புருஷன் வாசலிலேயே பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்குகிறாராம்.

"இன்ஸ்பெக்டர் வந்தா பின்னாலை பொலிஸும் வரும். அவரைப் பிடிச்சுக்கொண்டு போனா?"

"விட்டா பிள்ளையின்ரை மூளையைப் பாதிக்கும் அக்கா. நானும் கூட வாறன்."

துஷியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு விலாசம் சொன்னாள். உடனே சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தேன்.

மே 13, திங்கள்
அரை நாள் லீவு. மட்டக்குளி. பி.எச்.ஐ. சிங்களவர், தொப்பை, நல்ல மனுசன். அடையாள அட்டை கேட்கவே இல்லை. "பய வென்ன எப்பா," பயப்பட வேண்டாம் என்று சாந்தியிடம் சொல்லிவிட்டுப் புருஷனைப் பிடிபிடியென்று பிடித்தார். அந்த ஏச்சில் பாதியைத்தான் நான் தமிழில் சொன்னேன். ஈயம் உருக்கும் அடுப்பு இன்றே தூரப் போகிறது. தாயும் பிள்ளையும் பாமன்கடைச் சொந்தக்காரர் வீட்டுக்கு. நான் சொல்லிக் கொடுத்த பொய் உண்மையாகிவிட்டது.

ஜூன் 28, வெள்ளி
வெயில். துஷியின் இரண்டாவது ரிப்போட். குறைந்திருக்கிறது! இன்னும் குறைய வேண்டும், ஆனால் நன்றாகவே குறைந்திருக்கிறது. முதலில் பி.எச்.ஐ.க்கு ஃபாக்ஸ். பிறகு பாமன்கடைக்கு போன்.

"திருப்பி வாசியுங்கோ" என்றாள் சாந்தி.

வாசித்தேன்.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை, ஒவ்வோர் எண்ணாக வாசித்தேன்.