இரண்டு விரலிலும் மை

உத்திரமேரூர்,
ஆவணி 6

அன்பு மகன் மோகனுக்கும் மருமகள் தேவகிக்கும் அம்மா எழுதுவது. மஸ்கட் வெயிலில் நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன், இங்கே நானும் உங்க அப்பாவும் ஏதோ இருக்கிறோம். முதலில் நல்ல சேதி. உன் தங்கச்சி மகள் இளமதி நர்சு படிப்பு முடித்துச் செங்கல்பட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவள் கீதா ஓட்டப்பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதலாவது, கப்பை டிவி மேல் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். உன் மகன் அரவிந்தனை ஒரகடம் கம்பெனியில் பர்மனெண்ட் செய்துவிட்டார்களாம், அதை அவன் வாயால் நான் கேட்கவில்லை, இளமதி சொல்லித்தான் தெரியும்.

அவன் வீட்டை விட்டுப் போனதற்குக் கம்பெனி தூரம் என்றுதான் உன்னிடம் சொல்லியிருப்பான். அது இல்லை. போனில் சொன்னால் பக்கத்தில் படுத்திருக்கிற உங்க அப்பா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். கண்ணில் புரை மூடியதால் ஓட்டுப் போட அவர் அரவிந்தனைத் துணைக்குக் கூட்டிப்போனார். தன் ஓட்டுக்கு இடது விரலிலும், துணை போனதற்கு வலது விரலிலும் மை வைத்துக்கொண்டு வந்தான். அவனும் அவன் செட்டுப் பிள்ளைகளும் வேறு கட்சி என்று ஊருக்கே தெரியும். உங்க அப்பா கட்சி தோற்றதும் டீக்கடையில் முனிரத்தினம் இவரைப் பார்த்து, தாண்டவராயா, உன் ஓட்டையும் சேத்து உன் பேரன் முழுங்கிட்டான்யா என்று விளையாட்டுக்குச் சொன்னாராம். அந்தச் சூட்டோடு இவர் வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையிடம், இன்னாடா அமுக்கின, என் ஓட்டைத் திருடிக்கினியேடா என்றார். உன் சின்னத்தைத்தான் அமுக்குனேன் தாத்தா, உன் ஓட்டு உன்னுது, என் ஓட்டு என்னுது என்று மெதுவாகத்தான் சொன்னான். பொய் பேசாதே என்றார். கையைக் கழுவிப் பையை எடுத்துக்கொண்டு போனவன்தான், மூன்று மாதம் ஆகிறது. அவன் பொய் சொல்லவில்லை மோகனு. சாவடியை விட்டு வந்தபோதே, என் கையாலயே எனக்கு எதிர் ஓட்டுப் போட்டுக்கினு வரேன் ஆயா என்று சிரித்துக்கொண்டு என் காதில் சொன்னான். அன்றைக்கே நான் இவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னால் பேரனுக்குப் பரிந்துகொண்டு வருகிறேன் என்கிறார்.

இவர் மட்டும் என்னவாம், நான் கல்யாணமாகி வந்த வருசம் உங்க தாத்தா சொன்ன சின்னத்தை விட்டுப் புதுக் கட்சிக்குப் போட்டவர்தானே. மாமனார் ஓர் அறுவடை முடிகிற வரை இவரோடு பேசவில்லை, நான்தான் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டேன். அதை ஞாபகப்படுத்தினால், அது வேற, இதுங்களுக்கு இன்னா தெரியும் என்கிறார். மாமனாரும் அதே வார்த்தைதான் சொன்னார்.

நான்கு வருசம் வேண்டாம் என்றவர் இப்போது கண் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டார், அடுத்த ஓட்டை நானே போட்டுக்குவேன், எவனும் வேணாம் என்று. புரட்டாசிக் கடைசியில் காஞ்சிபுரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அவர் சட்டைப் பையில் இருக்கிற போட்டோவில் அரவிந்தனுக்கு ஐந்து வயசு, இவர் தோளில் உட்கார்ந்து இவர் கட்சிக் கொடியைப் பிடித்திருக்கிறான். அவனுக்கு மீசை வந்ததை இவர் சரியாகப் பார்க்கவே இல்லை.

நீயும் தேவகியும் நீண்ட ஆயுசோடு இருக்கணும். பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதே. கண்கட்டு அவிழ்க்கிற அன்றைக்கு வா என்று அவனிடம் நீயும் சொல்லு, வருவானோ என்னவோ. எதற்கும் அவன் உன் போனுக்கு அனுப்பியதில் புதுசாக ஒரு போட்டோவைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு, மீசை நன்றாகத் தெரியணும்.

உன் அம்மா
தா. சுலோச்சனா