மூன்றாவது பெஞ்சு

மதினி,

இன்று காரைக்குடியில் உங்கள் கைத்தடிக்குப் புது ரப்பர் வாங்கினேன். அடியில் மாட்டுகிற அந்தக் கறுப்பு மூடிதான். பழையது தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "யாருக்கும்மா, உங்களுக்கா?" என்று கடைக்காரர் என் காலைப் பார்த்தார். "எங்க மதினிக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. புது ரப்பர் வாசனையில் அதுகூட மறந்துபோயிற்று பாருங்கள். பஸ்ஸில் தடியை மடியில் போட்டுக்கொண்டு, தனியாகச் சிரித்துக்கொண்டே கல்லல் வந்து சேர்ந்தேன்.

நமக்குள் சொந்தமா, பந்தமா? ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், அவ்வளவுதான். நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவள். நீங்கள் உங்கள் இட்லிக் கடையில் கொட்டிய கழுநீரில் வழுக்கியவர். இரண்டு பேருக்கும் வலது தொடை எலும்பு, இரண்டு பேருக்கும் உள்ளே பிளேட். "ஏத்தா, கல்லலா நீ? நான் வாக்கப்பட்ட ஊருல்ல! அப்ப எனக்கு நாத்தனாதான்" என்று நீங்களாகவே முறை வைத்துக்கொண்டீர்கள்.

காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் சும்மாவே முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "வாரா வாரம் வந்து பிசியோதெரபி எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வாரா வாரமா? இரண்டு பஸ் மாற வேண்டும், தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அன்றைய வேலை போய்விடும். உங்களுக்கு வந்ததே கோபம்! "எலும்ப ஒட்டவைக்க ஆளு இருக்காக. நடக்கவைக்க நம்ம ஊர்ல ஒரு ஆளு கெடையாதாக்கும்?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினீர்கள்.

பிறகு நீங்களே வழியும் சொன்னீர்கள். முதல் மாதம் நீங்கள் போய்க் கற்றுக்கொண்டு வந்து எனக்குக் காட்டுவது, அடுத்த மாதம் நான் போவது. இடம், நம்மூர் ரயில் நிலையத்து பிளாட்பாரம். ரயில் வருகிற நேரம் தவிர ஈ காக்கை இருக்காது. மேடு பள்ளமில்லாத தரை, நிழல், உட்கார பெஞ்சு. எந்த ஆஸ்பத்திரியிலும் அவ்வளவு இடம் கிடையாது.

எனக்கோ அவசரம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். சத்துணவுச் சமையல்காரி நான். "நின்னு சமைக்க முடியலன்னா வேற ஆள் போடணும்மா" என்று தலைமையாசிரியை பதமாகத்தான் சொன்னார். பதமாகச் சொன்னால் வேலை போகாமலா இருக்கும்?

நீங்கள் எனக்கு எதிரே நின்றுகொண்டு, "என்னையவே பாரு. நான் செய்யிற மாதிரியே செய்யி" என்பீர்கள். செய்தேன். மூன்று வாரத்தில் நீங்கள் மூன்றாவது பெஞ்சு வரை ஜம்மென்று நடந்தீர்கள். நான் முதல் பெஞ்சிலேயே முனகிக்கொண்டிருந்தேன். "ஒனக்குத் தைரியம் பத்தல" என்றீர்கள். "ஒங்களுக்கென்ன மதினி, கடையப் பாக்க மகன் இருக்காக" என்று நானும் சுள்ளென்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேச்சில்லை. அந்த இரண்டு ராத்திரியும் நான் அழுதது உங்களுக்குத் தெரியாது.

என் முறை வந்தது. நான் உள்ளே நுழைந்ததுமே பிசியோதெரபி பொண்ணு கேட்டது: "தடிய எதுக்கு அடிபட்ட பக்கம் பிடிக்கிறீங்க? யாரு சொல்லிக்குடுத்தா?"

சிறிதும் தயங்காமல் உங்களைக் காட்டிக்கொடுத்தேன். அந்தப் பொண்ணு யோசித்தது. "அவங்க எதிர்ல நின்னா காட்டினாங்க?"

கண்ணாடியைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்த்துச் செய்திருக்கிறேன். நீங்கள் தடியை இடது கையில் பிடித்தால் நான் வலது கையில். நீங்கள் வலது காலில் பாரம் கொடுத்தால் நான் இடது காலில். ஒரு மாதமாக என் நல்ல காலுக்கு ராஜ வைத்தியம்!

திரும்பி வந்து சொன்னதும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "என்ன மதினி இப்புடிப் பண்ணீட்டீக?" என்று நானும் சிரித்தேன். சட்டென்று உங்கள் முகம் மாறியது. "என்னால ஒன் வேல போயிருக்குமே, ஆத்தா" என்றீர்கள். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தது. "இனிமே எதுக்க நிக்கிற கதையே வேணாம். பக்கத்துல வா" என்று என் தோளோடு தோள் நின்றீர்கள். காலையும் மாலையும் நடந்தோம். ஒவ்வொரு நாளும் முடிவில் உங்கள் சத்தம்: "இன்னிக்கு ரெண்டு பெஞ்சு, நாளைக்குப் பள்ளிக்கூடம்!"

திறந்த அன்று சாம்பாரை நின்றே கிண்டினேன். மத்தியானம் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, ருசி பார்த்து, "உப்புக் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்தக் கொழுப்பு யாருக்கு வரும்!

நீங்கள் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போன மறு வருஷம், நம்மூர் சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒருநாள் பிசியோதெரபி வர ஆரம்பித்தது. கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடாதா மதினி? அதில் எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம்தான். வருவது ஒரே பொண்ணு, காத்திருப்பதோ எத்தனையோ கால்கள். அதனால் மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் பிளாட்பாரத்துக்கு நான் போகிறேன். உங்கள் மகன் என்னிடம் கொடுத்த உங்கள் தடிதான் ஊரைச் சுற்றுகிறது.

இன்று சாயங்காலம் ஒரு லாரி டிரைவர். கால் உடைந்தவர், தடியைத் தவறான பக்கம் பிடித்திருந்தார். "செஞ்சு காட்டுங்கக்கா, பாத்துக்கிறேன்" என்று எனக்கு எதிரே வந்து நின்றார். நான் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். தடியைக் கை மாற்றிக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பெஞ்சைத் தாண்டினார், இரண்டாவதையும் தாண்டினார். மூன்றாவதில் தொப்பென்று உட்கார்ந்து, "இனி வண்டி ஓட்டுவேனாக்கா?" என்று கேட்டார்.

உங்கள் குரல் எனக்குள் அப்படியே இருக்கிறது மதினி. பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்:

"இன்னிக்கு மூணு பெஞ்சு, நாளைக்கு லாரி!"