நிற்பதற்கும் காசு

கஹவத்தை பெற்றோல் செட்டில் இன்று ஒருவன் ஏணியில் ஏறி விலைப் பலகையை அழித்துக்கொண்டிருந்தான். ஈரத்துணியால் பழைய விலையைத் துடைத்துவிட்டுப் புதிய விலையை எழுதினான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். நான் மட்டும் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். பெற்றோல் வாசனை பட்டால் எனக்கு இன்னும் உன் முகம்தான் வருகிறது.

என் பையில் உன் மகன் எழுதிய கடிதம் இருந்தது. கோத்தகிரியில், தை மாதக் குளிரில், நாலு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று எழுதியிருக்கிறான். கடைசியில் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறான். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா உன் பக்கம் திரும்பிவிட்டது. அவன் கொஞ்சம் பொறுக்கட்டும்.

மாசியில் ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடுமே, அந்த நாட்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. தளிரில் நோய் விழாமல் இருக்க, கப்பல்துரை தன் சின்னப் பிளேனில் வந்து மலைக்கு மேல் கந்தகத் தூளைக் கொட்டுவார். நம் பெரியவர்கள் பிளேனை ஆகாசக் கப்பல் என்பார்கள். அதனால் அதை ஓட்டியவர் கப்பல்துரை ஆனார். தூள் எங்கே விழ வேண்டும் என்று மேலே இருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? அதற்கு நாம் இருந்தோம். மலையின் இந்த முனையில் நான், அந்த முனையில் நீ. நீண்ட மூங்கிலில் மாவுச் சாக்குத் துணியைக் கட்டித் தூக்கிப் பிடித்து நிற்போம். துணிக்கும் துணிக்கும் நடுவில் அவர் பறப்பார். ஒரு வரி முடிந்ததும் நாம் பத்து மரம் தள்ளிப் போய் நிற்போம். பால் வெட்டாமல், சும்மா நின்றதற்கு முழு நாள் கூலிக்குப் பேர் போட்டார்கள். 'நிக்கிறதுக்குக் கூலி குடுக்குற ஒரே வேல இதுதான்டி' என்று நீ சிரிப்பாய். நம்மைச் சுற்றி மஞ்சள் தூள் மெதுவாக, மிக மெதுவாக இறங்கும். மரம், பாறை, உன் தலைமுடி, இமை எல்லாம் மஞ்சளாகிவிடும். காலை வெயிலில் அந்தத் தூளுக்குள் நீ நிற்பதை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அது நீதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். அந்த மஞ்சள் இன்னும் என் கனவில் கொட்டுகிறது.

உனக்குள் ஆசை விழுந்தது அப்போதுதான். இரண்டு அரசாங்கமும் நம் ஆட்களைப் பங்கு போட்டதில் உன் குடும்பத்துக்கு இந்தியா என்று முடிவாகியிருந்தது, எனக்கு இங்கேயே. பாஸ்போர்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு நீ சொன்னாய்: "இருவது வருசமா இந்தத் தோட்டத்துல இருக்கேன். ஏ முந்நூறு மரத்தத் தவிர ஒன்னும் தெரியாது. மேல போயி ஒருவாட்டி முழுசாப் பாக்கணும்டி. ஆகாசக் கப்பல்ல ஏறாம நான் தண்ணிக் கப்பல்ல ஏற மாட்டேன்."

துரையிடமே கேட்டும் விட்டாய், பயமே இல்லாமல். அவருக்குத் தெரிந்த துரைமார் தமிழில் அவர் சொன்னார்: "சரி, நீ நல்லா கொடி பிடிச்சுது. ஒரு நாள் ஏத்தறது."

அந்த ஒரு நாள்தான் வரவில்லை. எங்கேயோ அரபு நாட்டில் எண்ணெய் விலை ஏறியதாம். இங்கே பெற்றோல் விலை குரங்கு மரமேறுவது போல ஏறியது. பிளேனுக்கு ஊற்றுகிற காசுக்கு ஆட்களை வைத்தே தூள் அடிக்கலாம் என்று தோட்டங்கள் கணக்குப் போட்டுவிட்டன. துரைக்கு வேலை நின்றது. பிளேனும் நின்றது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு பிளேன் ஏறி இறங்கும் நம் பிளேன் ரோட்டைச் சுற்றிக் கம்பி அடித்து, வாசலில் ஒரு காவல்காரரையும் போட்டார்கள். நல்ல மனிதர், சிங்களவர், வெற்றிலை வாய்.

அங்கேதான் நான் அந்தப் பிழையை விட்டேன். லயத்து வீடுகளில் எல்லாரையும்விட எனக்குத்தான் சிங்களம் தெரியும் என்று எவ்வளவு பீற்றிக்கொள்வேன்! துரை ஏன் வாடிப்போயிருக்கிறார் என்று கேட்டு வா என நீ அனுப்பினாய். காவல்காரர் வெற்றிலையோடு, "பார்க்கிங் எக்கட்ட சல்லி கெவன்ன ஓன" என்றார். நான் திரும்பி வந்து பெரிய மொழிபெயர்ப்பாளர் மாதிரி சொன்னேன்: "தொரைக்கிப் பாக்கி இருக்காம். காசு கட்டணுமாம்."

உன் முகம் எப்படி மாறியது! இந்தியா போகிறவர்களுக்குப் பாக்கி என்ற சொல்லைப் போலப் பயம் தருவது வேறொன்றும் இல்லை. கடைப் பாக்கி, தோட்டத்துப் பாக்கி எல்லாம் தீர்ந்தது என்று எழுதி வாங்காமல் யாரும் கப்பலேற முடியாது. "பாவம்டி, நம்ம சாதிதான் அவரும்" என்று சொல்லி நேரே போய்விட்டாய். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"தொரை, பாக்கி இருந்தா வெக்கப்படாதீங்க. நாங்களும் பாக்கிக்காரங்கதான்" என்றாய்.

துரை முதலில் முழித்தார். நான் நடந்ததைச் சொன்னதும் இறக்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். "பாக்கி இல்லே, பார்க்கிங்! பிளேன் இங்கே நிக்கறது, அதுக்குக் காசு. ஒரு நாள் நிக்கறது, ஒரு நாள் காசு. இந்த மாசம் இன்னும் கூட்டிப் போட்டது."

நமக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. பறந்தால் எண்ணெய்க்குக் காசு, சரி. நின்றாலுமா? நமக்கு நின்றதற்குப் பேர் போட்டார்கள், பிளேனிடம் நின்றதற்குப் பிடுங்குகிறார்கள். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். நீ கம்பிவேலியைப் பார்த்தாய், வேலிக்கு அந்தப் பக்கம் நம் மாரியம்மன் கோயில் திடலைப் பார்த்தாய்.

"கம்பிக்கி உள்ள நின்னாத்தான காசு? அப்ப வெளிய நிக்கட்டும்" என்றாய்.

அன்று பின்னேரமே பேர் பதிகிற பெரட்டு கலைந்த கையோடு லயத்து ஆட்கள் பத்துப் பேர் வந்தார்கள். பார்க்க அவ்வளவு பெரிதாகத் தெரிந்த பிளேன், தள்ளும்போது கன்றுக்குட்டி மாதிரி வந்தது. காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டு மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். "மட்ட பேன்னே நே" என்றார், எனக்குக் கண் தெரியவில்லை என்று. இந்த முறை சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். பூசாரி முதலில் துள்ளினார், அம்மனுக்கு முன்னால் இரும்புச் சாமானா என்று. அப்புறம் அவரே சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். மூக்கில் சந்தனம் குங்குமம் இட்டார். அதற்குப் பிறகு எத்தனை மாதம் அது அங்கே நின்றது! மழை நாளில் மூடுபனி இறங்கும்போது கோபுரம் மறைந்துவிடும், மரங்கள் மறைந்துவிடும், அந்தக் குங்குமப் பொட்டு மட்டும் வெள்ளைக்குள் மிதக்கும். கோயில் மணி அடித்தால் இறக்கைத் துணி லேசாக அதிரும். அம்மன் என்றைக்காவது அதில் ஏறிப் போய்விடுவாள் என்று பிள்ளைகள் நம்பினார்கள். நானும் பாதி நம்பினேன்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாதது. பார்க்கிங் காசு மிச்சமாவதைப் பெற்றோலுக்குச் சேர்க்கிறேன் என்று துரை உனக்கு வாக்குக் கொடுத்தார் அல்லவா? அன்று முதல் நான் தினமும் அந்த அம்மனிடம், பெற்றோல் விலை ஏறட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டேன். இந்த நாட்டிலேயே அப்படி வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆகாசக் கப்பலில் ஏறாமல் தண்ணிக் கப்பலில் ஏற மாட்டேன் என்று சொன்னவள் நீ. பிளேன் பறக்காவிட்டால் நீ போக மாட்டாய். அவ்வளவுதான் என் கணக்கு. அம்மனுக்குக் காது கேட்டது. விலை இரண்டு தடவை ஏறியது. நீ வாடிப்போனாய். நான் உனக்கு ஆறுதல் சொன்னேன், கள்ளி.

ஆனால் பாஸ்போர்ட் என் கணக்கைக் கேட்டா வரும்? வந்துவிட்டது. போக எட்டு நாள் என்றபோது நீயே துரையிடம் போய், வேண்டாம் தொரை, எண்ணெயை வீணாக்காதீங்க என்று சொல்லிவிட்டாய். வரும் வழியில் நீ விறுவிறுவென்று முன்னால் நடந்தாய். எனக்குத்தான் அழுகை வந்தது. பிளேன் பறக்காமலே நீ போகப் போகிறாய். என் வேண்டுதல் உன் ஆசையை மட்டும் தின்றுவிட்டது.

மறுநாள் துரை ஆள் அனுப்பினார். "காலையிலே வா. காத்து நல்லம். ஒரு சுத்துக்கு எண்ணெய் இருக்குது."

முன் சீட்டில் இருந்த கந்தகப் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தார். நீ கல்யாணச் சேலையில் வந்தாய். உட்கார்ந்த உடனே பின்னாலெல்லாம் மஞ்சள். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய் மூங்கிலையும் சாக்குத் துணியையும் எடுத்து வந்து திடலின் ஓரத்தில் நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. விசிறி சுற்றியது, புல் எல்லாம் படுத்தது, சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பிறகு நீ ரொம்ப உயரத்தில், சத்தமே இல்லாதது போல, மிதந்துகொண்டு வந்தாய். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை கடுத்தது, இறக்கவில்லை.

இறங்கியதும் உன்னைச் சுற்றி ஒரே கூட்டம். லயம் தெரிந்ததா, ஸ்டோர் தெரிந்ததா, உன் முந்நூறு மரம் தெரிந்ததா?

நீ என்னைத்தான் பார்த்தாய். "ஒன்னும் தெரியலடி. லயமும் இல்ல, ரோடும் இல்ல. எல்லாம் ஒரே பச்ச. இந்தத் துணி ஒன்னுதான் வெள்ளையாத் தெரிஞ்சிச்சு. எங்கிட்டுத் திரும்புனாலும் ஒன்னத்தான் பாத்தேன்."

அப்புறம் என் கையிலிருந்து மூங்கிலை வாங்கினாய். "நீ ஒருநாளு ஏறு. நான் கொடி புடிக்கிறேன். அது ஏ பாக்கி."

நீ தலைமன்னாருக்குப் போய்த் தண்ணிக் கப்பல் ஏறினாய். கொஞ்ச நாளில் துரையும் இறக்கைகளைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் பிளேனில் ஏறவே இல்லை. இனி ஏறப்போவதும் இல்லை; பஸ் காசுக்கே இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. கம்பிக்குள் பிளேன் ரோடு புல் மூடிக் கிடக்கிறது. துணி மட்டும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. உதறினால் இன்னும் கொஞ்சம் மஞ்சள் விழும்.

உன் மகன் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதுகிறேன்: 'இங்கே எப்போதாவது பிளேன் சத்தம் கேட்டால் அம்மா எந்த வேலையானாலும் போட்டுவிட்டு வெளியே ஓடி வருவார்கள். முந்தானையைக் கொம்பில் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் மறையும்வரை நிற்பார்கள். கேட்டால், கஹவத்தையில் ஒருத்திக்குப் பாக்கி இருக்கிறது என்பார்கள். அம்மா உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும்? தயங்காமல் எழுதுங்கள். சிறுகச் சிறுகத் தீர்த்துவிடுகிறேன்.'

இவ்வளவு வருஷமும் நீ எனக்காக நின்றிருக்கிறாய். எதில் நான் வருவேன் என்று நினைத்தாயோ, பைத்தியக்காரி.

அவனுக்கு இரண்டே வரிதான் எழுதப் போகிறேன். 'அம்மா அதை நின்றே தீர்த்துவிட்டாள், மகனே. வந்து பார்க்காத பாக்கி என்னுடையது.'