குண்டு எறிந்தவளின் படம்

இன்று காலை பழைய இரும்புக் கடையில் ஒரு குண்டைத் தூக்கினேன். உடைந்த நாற்காலிகளை எடைக்குப் போடப் போனவள் நான். சாக்கு பறக்காமலிருக்க மேலே வைத்திருந்த அந்த இரும்பு உருண்டையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கீழே வைத்த பிறகு உள்ளங்கையை முகர்ந்தேன். துருவும் வேர்வையும் கலந்த வாடை, உன் கழுத்தில் எப்போதும் இருந்த வாடை. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வைக்கு நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

குண்டு எறிகிறவர்கள் அதைத் தாடைக்கடியில் கழுத்தோடு ஒட்டவைத்துத்தான் தள்ளவேண்டும். உன் வலது கழுத்தில் ஒரு செம்மண் நிறக் கறை சோப்புக்கும் போகாமல் நிற்கும். இடது பக்கத்தில் அவ்வப்போது வேறு கறை வரும். அது உன் வீட்டுக்காரனின் விரல். எங்கள் எல்லாருக்கும் தெரியும். கேட்டால், "பிராக்டீஸ்ல பட்டுட்டு ஏட்டி" என்பாய். குண்டுக்கு ஏது ஐந்து விரல்?

எண்பதுகளில் பள்ளி மைதானங்களில் பழகிய நாம், பிள்ளை பெற்று இடுப்பு பெருத்த பிறகு மூத்தோர் தடகளச் சங்கத்தில் மறுபடி சேர்ந்தோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடியவர்களும் அங்கே உண்டு. நான் நானூறு மீட்டர், நீ குண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. உனக்கு நூல் மில்லில் ஷிப்டு. சங்கத்துக்கு ஒரு வலைத்தளமும் இருந்தது. திறந்தால் தலைவர் மாலையும் கழுத்துமாகச் சிரிப்பார், கீழே எழுத்துகள் மினுக்கி மினுக்கி ஓடும், ஓடுகிற மனிதர் ஒருவர் படம்கூட இராது. அதைப் புதிதாகச் செய்துதரும் வேலை என்னிடம் வந்தது. முதல் பக்கத்தில் உன் படம் என்றேன். பட்டுச்சேலையில் கோப்பையோடு நிற்கிற படமாக இருக்கட்டும் என்றார் செயலாளர்.

நீ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து வேறொரு படத்தை மேசைமேல் போட்டாய். அரைக்கால் டவுசர், புடைத்த நரம்பு, குண்டு விரலைவிட்டுப் போகிற நொடி, கத்துகிற வாய். வெட்டப்போகிறவள் முகம்.

"ஏட்டி, சேலை கட்டி நிக்கதெல்லாம் கல்யாண ஆல்பத்துல கெடக்கு. இதப் போடு."

"செயலாளர் ஒத்துக்கிட மாட்டாரு."

"அவரா எறிஞ்சாரு?"

அதையே வைத்துப் பக்கத்தைச் செய்துமுடித்தேன். ஏற்றுவதற்கு முன் செயலாளர் பார்த்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் உன் வீட்டுக்காரனிடம் சொல்லிவிட்டார். மறுநாள் அவன் என் சென்டருக்குள் வந்தான். "எம்பொண்டாட்டி தொடைய ஊருக்கே காட்டுதியா?" என்று ஸ்டூலைத் தூக்கி மானிட்டரில் அடித்தான். கண்ணாடி தெறித்து என் முழங்கை கிழிந்தது. அவன் வெளியே போய் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தபோது நீ மூச்சிரைக்க வந்து சேர்ந்தாய். உன் உதடு ஏற்கெனவே பிளந்திருந்தது. என் ரத்தத்தைப் பார்த்தாய். தோளில் மாட்டியிருந்த பிராக்டீஸ் பையிலிருந்து குண்டை எடுத்தாய். நடுத்தெருவில், மைதானத்தில் நிற்பதுபோலவே காலை ஊன்றித் திரும்பி எறிந்தாய். பெட்ரோல் டேங்க் அமுங்கியது. குண்டு துள்ளி அவன் பாதத்தில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. சந்தோஷப்பட்டேன். இப்போதும் படுகிறேன்.

கூட்டம் உங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. நானும் பின்னாலேயே போனேன்.

"எத வச்சு அடிச்சம்மா?" என்றார் ஏட்டய்யா.

"குண்டு எறிஞ்சேன்யா."

பத்திரிகையைத் திறந்தாலே நாட்டு வெடிகுண்டுச் செய்தி வந்த காலம் அது. ஏட்டய்யா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். உனக்கு அது புரிந்தால்தானே!

"பள்ளிக்கூடத்துலருந்தே எறியுதேன்யா. மதுரைல எறிஞ்சிருக்கேன், மெட்ராஸ்ல எறிஞ்சிருக்கேன்."

"எங்க தயாரிக்க?"

"தயாரிக்கலய்யா. கடைல வாங்குனது."

பெண் போலீஸ் உன் கிழிந்த உதட்டிலேயே அறைந்தாள். தெருவில் குண்டைச் சுற்றி மண் வாளிகள் வைத்துவிட்டார்களாம், தொட ஆளில்லை. அது விளையாட்டுச் சாமான் என்று நான் கத்தினேன். யாரும் காது கொடுக்கவில்லை. ஓடினேன். எந்தப் போட்டியிலும் அப்படி ஓடியதில்லை. சென்டரில் உடையாமல் மிஞ்சிய கம்ப்யூட்டரில் முதலில் அந்தப் பக்கத்தை வலையில் ஏற்றினேன். யாரையும் கேட்கவில்லை, அவ்வளவு ஆத்திரம். பிறகு அச்செடுத்தேன். பிரிண்டரில் சிவப்பு மை மட்டும்தான் மிச்சமிருந்தது.

இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். மேலே சங்கத்தின் பெயர். நடுவில் சிவந்த முகத்தோடு கத்துகிற நீ. கீழே 'குண்டு எறிதல், முதலிடம்'. ஏட்டய்யாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: "புருசன் பொண்டாட்டி, சமாதானமாப் போங்க."

பெஞ்சில் கால் நீட்டிக் கிடந்த உன் வீட்டுக்காரன் முனகினான். "நெட்டுல இருந்து அந்தப் படத்த எடுக்கச் சொல்லுங்க சார். கேசு வேண்டாம்."

எல்லாரும் உன்னைப் பார்த்தோம். ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். நீ முந்தானையால் வாயைத் துடைத்தாய்.

"கேசு போடுங்கய்யா. படம் இருக்கட்டும்."

அவன் வீட்டுக்கு அப்புறம் நீ போகவில்லை. கோர்ட்டில் வாய்தா முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு வருவாய். கோபம் இருக்கிற நாளில்தான் குண்டு நல்லா போகுது என்பாய். அடித்தவனால் நிறுத்த முடியாத உன் நெஞ்சு, போன மாசியில் தானாக நின்றுபோனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் சங்கத்தின் புதுச் செயலாளர் போன் செய்தார். மரியாதையான மனிதர். "அக்கா, தளத்தை மறுபடி மாத்துதோம். அந்தப் படத்துல அவிய மொகம் பாக்கவே பயமா இருக்கு. சாந்தமா ஒரு படம் போட்டு, அஞ்சலின்னு போட்டுருவமா?"

நான் சாதுவானவள் என்று நீ எத்தனை கேலி செய்திருப்பாய். உன் கோபத்தில் பாதி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

"பயமா இருக்கட்டும்" என்றேன்.