ஏழாவது பாட்டில் வரும் அழுகை

அண்ணா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

நம் ஆல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கடல் விழுங்கிய ஒரு ஊரின் கதையை வயலினும் கோரஸும் அலறலும் கலந்த ஏழு சிம்ஃபானிக் பிளாக் மெட்டல் பாட்டுகளாகச் செய்தோம். மூன்று வருடமாக ஒருவரும் சீண்டவில்லை. நீ கத்துவதைக் கேட்டுவிட்டு "யாருக்கும்மா பல்லு புடுங்குறாங்க?" என்ற என் மாமியார்தான் நமக்குக் கிடைத்த ஒரே விமர்சகர். இப்போது எல்லோரும் கடைசிப் பாட்டைக் கொண்டாடுகிறார்களாம், அந்த ஊரில் மிஞ்சிய குழந்தை அழுகிற இடத்துக்காக.

அழுதது பாப்பா. பாட்டைப் பதிவு செய்த அன்று அவளுக்குக் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னேன். "அஞ்சே நிமிஷம்டி, பிரமாதமா வருது, தூக்கிடாத" என்றாய். நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று அவர் கேட்டதற்கு, பஸ் கிடைக்கவில்லை என்றேன். உன் மாப்பிள்ளை இன்றுவரை அதைத்தான் நம்புகிறார்.

பாப்பாவுக்குத்தான் அன்றோடு காது போய்விட்டது. அந்தப் பாட்டு அவளை ஒன்றும் செய்யாது. இதுவரை அதைக் கேட்டிராத அவள் அப்பாவுக்கு நன்றாகக் காது கேட்கும். மகள் குரல் தெரியாதா அவருக்கு?

நான் எழுதிய வயலின், கோரஸ் எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள். என் பெயரையும் எடுத்துவிடு. அந்த அழுகையை மட்டும் நீக்கிவிடு.

சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை