தனியாக வாழும் நோயாளி

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கோபக்காரப் பெரியவர் இப்போதாவது தட்டைத் தூக்கி எறியாமல் சாப்பிடுகிறாரா? இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எப்போதும் அடுத்த வரியை எழுதுவேன். இன்று அதை எழுத முடியவில்லை. பதறாதே. எங்காவது உட்கார்ந்துகொண்டு படி.

கையெழுத்தைப் பார்த்ததும் யார் எழுதியது என்று திகைத்திருப்பாய். நான்தான், இடது கையால் எழுதுகிறேன். பள்ளி திறந்த முதல் வாரம் ஒரு வீட்டு மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது ஏணியோடு சேர்ந்து கீழே விழுந்தேன். வலது தொடை எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள். வலது மணிக்கட்டில் இன்னும் மாவுக்கட்டு. உள்ளே அரிக்கும்போது மகளின் ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொள்கிறேன். நீ போனில் முகத்தைக் காட்டச் சொன்னபோதெல்லாம் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டினேன். "என்ன, எப்பப் பார்த்தாலும் படுத்துக்கிட்டே பேசறீங்க" என்று ஒருநாள் கேட்டாயே, சோம்பேறித்தனம் என்று சொல்லிச் சிரித்தேன். அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நம் வாயாடி மகள்.

அம்மாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலேயே அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். உன் ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. தெரிந்தால் போட்டது போட்டபடி ஓடிவருவாய், அந்த வேலை கையைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். திட்ட வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்துக்கொள். அதற்கு முன்னால் ஒரு அவசரம். உன் கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம் இந்த மாதக் கடைசிக்குள் அவள் பள்ளிக்கு வேண்டும். வராவிட்டால் அவளை இறுதியாண்டுக்கு ஏற்றமாட்டார்கள்.

இலையுதிர் காலம் வந்தால் அந்தப் பள்ளி ஒரு ஆட்டம் ஆடும் என்பது உனக்குத் தெரியாததா? ஒரு வகுப்பு உணவு டப்பா சேர்க்கும், ஒரு வகுப்பு போர்வை சேர்க்கும், இன்னொரு வகுப்பு மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் இலை கூட்டும். எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த விசில் சிஸ்டர், கழுத்தில் சிலுவையும் விசிலுமாக ஓடிக்கொண்டிருப்பார். இந்த வருடம் ஒவ்வொரு பிள்ளையும் முப்பது மணி நேரம் சேவை செய்து, பயனடைந்தவரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கிவர வேண்டுமாம்.

நம் மகள் கல்லறைத் தோட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஒருநாள்கூடப் போகவில்லை. மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவருவாள். சோறு வடிப்பாள், என் காலுக்குத் தலையணை வைப்பாள், குளியலறை வரை தோள் கொடுப்பாள். பிறகு சமையலறை மேடையிலேயே புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பாள். ஒரு சாயங்காலம், "அப்பா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். பள்ளிச் சமாச்சாரத்தை எல்லாம் படித்துப் பார்ப்பது உன் வேலை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. கிறுக்கிக் கொடுத்தேன். என் பெயரை நானே படிக்க முடியாது, அப்படி இருந்தது.

இந்த இடத்தில் எழுந்து ஜன்னல்வரை போய்விட்டு வந்தேன். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. ஊன்றுகோலைத் தேடி அலைந்தால் அது என் கக்கத்திலேயே இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை காலையில் யாரோ பின்கதவைத் தட்டினார்கள். நொண்டிக்கொண்டே போய்த் திறந்தேன். சந்து முழுக்கச் சீருடைப் பிள்ளைகள். ஒருவன் கையில் இலை வாரும் வாரி, ஒருத்தி கையில் துடைப்பம், இரண்டு பேர் சேர்ந்து ஒரு கூடை டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் விசில் சிஸ்டர். எல்லோருக்கும் பின்னால் நம் மகள்.

"ஐயா, நீங்க தனியா இருக்கீங்கன்னு எங்க பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தா. இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து உங்க வீட்டைச் சுத்தம் பண்ணித் தரலாம்னு வந்தோம்" என்றார் சிஸ்டர். முன்வாசல் எண்ணை எழுதினால் சொந்த வீடு என்று தெரிந்துவிடுமே என்று பின்சந்து எண்ணை எழுதியிருக்கிறாள் இந்தக் கெட்டிக்காரி. பள்ளிக் கூட்டங்களுக்கு எல்லாம் நீயே போய்வந்ததால் என் முகமும் சிஸ்டருக்குத் தெரியாது. யார் வீட்டுக்குப் போகிறோம் என்பதை வண்டியில் ஏறிய பிறகுதான் சொன்னாராம். இவளால் எனக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அவள் முகத்தைப் பார்த்தேன். காட்டிக் கொடுத்துவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நானும் நடிக்கத் தொடங்கினேன். வாங்க, வாங்க, உக்காருங்க என்றேன். பெற்ற மகளைப் பார்த்து, "பாப்பா, நீ எந்த வகுப்பு?" என்றுகூடக் கேட்டேன். பாவம், அவள் பதிலும் சொன்னாள்.

சிஸ்டர் என் எதிரில் உட்கார்ந்து, "உங்களுக்கு யாருமே இல்லையாய்யா?" என்று கேட்டார். "யாருமில்ல சிஸ்டர்" என்றேன். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்திய உன்னையும், அங்கே நின்ற அவளையும் ஒரே வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிட்டேன். அவள் துடைப்பத்தைக் கெட்டியாகப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் என்ன வாய் என்று இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் ஒரு பிள்ளை நல்ல மனதோடு டீ போட்டுக் கொண்டுவந்து, கொதிக்கக் கொதிக்க என் வலது கைப் பக்கம் நீட்டியது. பழக்க தோஷம், நானும் அந்தக் கையைத் தூக்கிவிட்டேன். "அப்பா, பிடிக்காதீங்க!" என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு கத்தல். துடைப்பம் கீழே விழுந்தது. ஓடிவந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

சிஸ்டர் மற்ற பிள்ளைகளை வாசலில் இலை கூட்ட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். இவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு அவர், சொந்த வீட்டு வேலையைச் சேவை நேரத்தில் சேர்க்க விதி இடம் தராது என்றார். எனக்குத்தான் முன்கோபம் என்று நீ சொல்வாயே. "அடுத்த வீட்டுப் பெரியவரைத் தாங்கிப் பிடிச்சா சேவை, பெத்த அப்பனைத் தாங்கினா அது வெறும் வேலையா சிஸ்டர்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டார். தலைமை சிஸ்டரிடம் தானே பேசுவதாகவும், இரண்டு மாதமாக வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை என்று தாய் எழுதித் தந்தால் நேரத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்வதாகவும் சொன்னார். பொய் எழுதியதற்குத் தண்டனையாக இரண்டு சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் இலை கூட்ட வேண்டும் என்றும் சொன்னார். எழுந்து போகும்போது, "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு இவளைப் பிடித்துக்கொண்டேன். நான் தனியாக வாழும் நோயாளி என்று எப்படி எழுத மனம் வந்தது என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. "உறவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சுப்பா. அப்பான்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. நான் ஸ்கூலுக்குப் போயிட்டா நீங்க தனியாத்தானே கிடக்கறீங்க?" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லலாம்னு முதல் நாளே சொன்னேன். நீங்கதான் சத்தியம் வாங்கினீங்க" என்றாள். பொய்யை முதலில் நான் சொன்னேன். அவள் அதைப் படிவத்தில் எழுதினாள், அவ்வளவுதான்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ அழத் தொடங்கினால் நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்து, கால் சுளுக்கு என்று மழுப்பி வைத்துவிடுவேன். அதனால்தான் மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் ஒரு துண்டுக் கடிதம் வைக்கட்டுமா என்று அவளிடம் கேட்டதற்கு, முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்றுவிட்டாள். இப்போது கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். காற்று பலமாக அடிக்கிறது, கூட்டக் கூட்ட இலை திரும்ப விழும். எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. அவள் இளைத்திருக்கிறாள். முன்பு போல வாயடிப்பதில்லை. பதினாறு வயதுப் பெண் என் மாத்திரை வேளையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்கும்போதுதான் பயமாக இருக்கிறது, காலைப் பற்றி அல்ல.

பள்ளிக்கான கடிதத்தை உடனே எழுதிவிடு. படம் எடுத்து அனுப்பினாலும் போதும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அவளை எதுவும் கேட்காதே, திட்டாதே. கேட்பதை எல்லாம் என்னைக் கேள். வேளைக்குச் சாப்பிடு, இரவு வேலையை மற்றவர்களுக்காக ஏற்றுக்கொள்ளாதே. கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும்.

வர வேண்டாம், நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று எழுதித்தான் இதை முடிப்பதாக இருந்தேன். எழுதவில்லை. இந்த வீட்டில் இனி யாரும் பொய் சொல்வதில்லை என்று அவளிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெயிண்டர்